இருபத்து மூன்று பல்

"முன்னால போற கியருக்குத்தான் பல்லு போயிருக்கு. பின்னால வார கியரு கிண்ணுன்னு இருக்கு" என்றார் ஜெய்னுலாப்தீன்.

சோலைராஜுக்கு எது போனாலும் ஒன்றுதான். பிளவக்கல் அணையில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டக் குத்தகை எடுத்து, கேரளத்திலிருந்து ஒரு பழைய மோட்டார் படகை லாரியில் கொண்டுவந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். அதற்குள் படகின் பின்பக்கம் தொங்கி விசிறியைச் சுழற்றும் டிரைவ் கடகடவென்று கத்திவிட்டு நின்றுபோனது. இப்போது அது ராஜபாளையத்தில், ஜெய்னுலாப்தீனின் வீட்டை ஒட்டிய பட்டறையில், அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது.

"ரெண்டும் ஒரே அச்சுத்தான பாய்? நல்லத எடுத்து முன்னால மாட்டிருங்க."

"மாட்டலாம்லே. படகு போகும், பின்னால வராது. பாறையில முட்டித்தான் நிக்கும். இதே இருபத்து மூணு பல்லுல இன்னொண்ணு வேணும்."

முப்பது வருஷம் பஞ்சாலை மெஷின்களோடு மல்லுக்கட்டியவர் ஜெய்னுலாப்தீன். நூல் மில்காரனுக்குப் படகு எதற்கு என்று மில் வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை படகு போய்த் திரும்பி வராவிட்டால் அன்றைக்கே ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுகிறேன் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

உடைந்த கியரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, நோன்போடு மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் அலைந்தார். ஒன்றில் பல் குறைந்தது, ஒன்றில் பல் கூடியது. பல் சரியாக இருந்ததில் துளை சேரவில்லை. மூன்று நாளில் முகம் சுண்டிப்போய்விட்டது.

கடைசியாக மிஞ்சியது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆவுடையப்பனின் பழைய இரும்புக் கடை. சனிக்கிழமை காலையில் போய் நின்றார். ஆவுடையப்பன் உடைந்த கியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், இன்னொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

ஜெய்னுலாப்தீன் எண்ணினார். இருபத்து மூன்று. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினார். துளை, துளைக்குள் வெட்டிய காடி எல்லாம் அச்சு அசல். முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. இரும்பின் அருமை தெரிந்த எவனோ ஊறப் போட்டுப் பக்குவமாக வைத்திருந்திருக்கிறான் என்று அவருக்கு மனசு நிறைந்துபோனது.

"எங்கேருந்து வந்துச்சு அண்ணாச்சி?"

"கொச்சியில கப்பல் உடைச்ச சரக்கு. இந்தியாவுலயே இது ஒண்ணுதான் மிச்சம்."

அதற்கப்புறம் பேரம் பேச வாய் வருமா? ஆவுடையப்பனின் கண் இவர் மணிக்கட்டிலேயே நின்றது. கல்யாணத்துக்கு மாமனார் கட்டிவிட்ட கைக்கடிகாரம். ஆனாலும் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

நேராகப் பிளவக்கலுக்கு பஸ் ஏறி, நாளைக்குப் படகு போகும், திரும்பியும் வரும் என்று சோலைராஜிடம் அடித்துச் சொல்லிவிட்டு, நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். வெறும் மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாங்கு சொன்னதும் மனைவி ஆரிபா பேரீச்சம்பழத் தட்டை நீட்டினாள்.

ஒன்றை வாயில் போட்டார். வெல்லமாகக் கரைந்தது.

"மானம் தப்பிச்சிருச்சு ஆரிபா" என்றவர், இன்னொன்றை எடுத்தபடி, "இம்புட்டு நல்ல பழம் ஏது?" என்றார்.

"நீங்க மதுரைக்குப் போன அன்னிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் இரும்புக் கடையிலேருந்து சைக்கிள்காரன் வந்தான். கஞ்சி காய்ச்சுற சட்டியில மண்ணெண்ணெய ஊத்தி பல்லு பல்லா இருந்த இரும்பு ஒண்ண ஊறப் போட்டிருந்தீங்கள்ல? சட்டி வேணும்னு அத அவன்கிட்டத் தூக்கிப் போட்டேன். ஒரு கிலோ பழம் தந்தான்."

ஜெய்னுலாப்தீன் மஞ்சள் பையிலிருந்து கியரை எடுத்து இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார்.

ஆரிபா தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள். "இன்னிக்கு மத்தியானம் மறுபடி வந்து, அதே மாதிரி இன்னொண்ணு இருந்தா ரெண்டு கிலோ தாரேன்னான். எவனோ ஒரு கிறுக்கன் கைக்கடிகாரத்தையே கழட்டிக் குடுத்துட்டு அத வாங்கிட்டுப் போனானாம்."