சடையப்பனின் குரல்

காட்டுப்பன்றியைச் சுட்டால் பக்கத்தில் உட்கார்ந்து அதன் வாயில் தண்ணீர் ஊற்றுவார் சடையப்பன். "மன்னிச்சுரு சாமி" என்பார். சோளக்காட்டுக் காவல் அவர் கையை விட்டு, ஆளில்லாமல் பறக்கும் துப்பாக்கிகளிடம் போனபோது, அவற்றைச் செய்த கம்பெனிக்காரர்கள் அந்தக் குரலைப் பதிவு செய்துகொண்டார்கள். இப்போது மலையடிவாரம் முழுக்க, ஒவ்வொரு துப்பாக்கியும் சுட்டு முடித்ததும் அவர் குரலில் மன்னிப்புக் கேட்கிறது. தான் போகாத இடத்துக்கும் தன் வார்த்தை போகிறதே என்று அவருக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அன்று காலை ஒரு பன்றிக்குட்டி வேலிக்கம்பியில் கழுத்து மாட்டிக் கிடந்தது. களைத்துப்போய் அசையாமல் படுத்திருந்தது. மனைவி துளசிமணி கட்டிங் பிளேயரைக் கம்பியில் வைத்தாள். குட்டியின் பயம் தெளியட்டும் என்று சடையப்பன் குனிந்து மெல்லச் சொன்னார்: "மன்னிச்சுரு சாமி, இப்ப விட்ருவோம்."

குட்டி வீறிட்டுத் துள்ளியது. கம்பி கழுத்தில் ஆழமாக இறங்கியது.

"ஐயோ, பேசாதீங்க! உங்க சத்தத்தக் கேட்டுத்தானுங்க மெரளுது!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தக் குரல் கேட்டபோதெல்லாம் அதன் கூட்டத்தில் ஒன்று செத்துக் கிடந்திருக்கிறது.

கம்பியை வெட்டி எடுத்தும் ரத்தம் நிற்கவில்லை. சடையப்பன் குட்டியை மடியில் போட்டு, வாயில் தண்ணீர் ஊற்றினார். நாக்கு வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார். குட்டியின் நடுக்கம் மெல்ல அடங்கிவந்தது.

அடுத்த காட்டில் ஒரு வெடிச்சத்தம்.

"மன்னிச்சுரு சாமி."

மடியில் கிடந்த குட்டி மறுபடி நடுங்கத் தொடங்கியது.