பேட்டரியில் ஓடும்போது

கீரனூரைத் தாண்டிய சாலையில், மழை விட்ட காலை வெயிலில், அந்தப் பெரிய வெள்ளை வண்டி சத்தமே இல்லாமல் போகிறது. வாங்கலாமா என்று ஓட்டிப் பார்ப்பவர் அடைக்கலராசு. பக்கத்தில் மனைவி பரிமளா, வேண்டாம் என்று சொல்லிவிடும் முடிவோடு கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். வீட்டுச் சந்துக்குள் இந்த அகலம் திரும்பாது. தேங்காய் மூட்டையை இந்தத் தோல் சீட்டில் போட யாருக்குத் துணிச்சல் வரும்? “வீட்ல சார்ஜ் போட்டீங்கன்னா திருச்சி போயிட்டு வர பேட்டரியே போதும் மேடம். அது தீந்தாத்தான் பெட்ரோல்ல ஓடும்” என்கிறாள் பின்சீட்டிலிருந்து ஷோரூம் பெண் அன்புமொழி. கண்ணாடிகள் ஏறியதும் காற்றின் இரைச்சலும் அடங்குகிறது. அப்போதுதான் பரிமளாவுக்கு மெல்லிய முனகல் ஒன்று கேட்கிறது. ஏசியிலிருந்தா என்று குனிந்து காதை வைக்கிறாள், அங்கே இல்லை. திரும்பினால், அடைக்கலராசுவின் நரைத்த மீசை அசைகிறது, விரல் ஸ்டீயரிங்கில் தாளம் தட்டுகிறது. மனிதர் பாடிக்கொண்டிருக்கிறார்! “ஏங்க, நீங்க பாடுவீங்களா?” “வண்டி எடுத்தா எப்பவும் பாடுறதுதான். நம்ம ஜீப் போடுற சத்தத்துல ஒனக்கு எங்கிட்டுக் கேக்கும்?” இருபத்திரண்டு வருஷம் அந்த டீசல் ஜீப்பில், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கத்திக் கத்தியே பேசியிருக்கிறாள். சிரிப்பு பொங்கி வருகிறது. கைப்பை மடியிலிருந்து நழுவிக் காலடியில் விழுகிறது, அவள் எடுப்பதாயில்லை. “ஏம்மா, பெட்ரோல்ல ஓடுனா சத்தம் வருமா?” “லேசா வரும் மேடம்.” “அப்படின்னா தெனமும் சார்ஜ நானே போட்டுக்கிறேன்” என்கிறாள் பரிமளா, கணவரின் பக்கம் திரும்பி. “நீங்க நிறுத்தாமப் பாடுங்க.”