பாராமுகம்

எட்டு நாளாக மனைவி தையல்காரருக்கு முதுகைக் காட்டியே படுத்தாள். கட்டிலில் வலப்பக்கம் அவர் இடம். தப்பித் தவறிக்கூட அந்தப் பக்கம் அவள் புரளவில்லை.

என்ன குற்றம் செய்தோம் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. மறுநாள் காலையிலேயே பாத்திரம் அத்தனையும் கழுவினார். மூன்றாம் நாள், இரண்டு வருடமாக ஒழுகிய குழாயைச் சரிசெய்தார். ஆறாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, பேச்சுவார்த்தையே இல்லாத மச்சானுக்குப் போன் போட்டு நலம் விசாரித்தார். அவள் சிரித்தாள், ஆனால் திரும்பிப் படுக்கவில்லை.

எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார். “நான் என்னதான் செஞ்சேன்? சொல்லித் தொலையேன்!”

“கெளம்புங்க, காது டாக்டரைப் பாக்கணும்.”

டாக்டர் அவள் தலையை வலப்பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்தார். கண்மணிகள் படபடவென்று ஆடின. அவள் கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“காதுக்குள்ள இருக்கிற பொடித் துகள் இடம் மாறியிருக்கு. இந்தப் பக்கம் திரும்பினாலே தலை சுத்தும். இப்பவே சரி பண்ணிடலாம்.”

தலையை மெல்ல மெல்ல மறுபக்கம் திருப்பி, எழுப்பி உட்கார வைத்தார். சுற்றல் நின்றுவிட்டது.

“அப்ப கோபமே இல்லையா?” தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லத்தான் வந்தேன். நீங்க பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தீங்க.”