இடது மூலையில் சிவப்புக் கட்டம்

“சிவப்புக் கட்டம் எங்கடா? வழக்கம்போல கோட்டை விட்டுட்டியா?” என்றாள் அக்கா.

ஊருக்கெல்லாம் கண் பார்க்கிற டாக்டர் அவள். நோயாளிகளிடம் அவள் கேட்கும் கேள்விகளைக் கம்ப்யூட்டரே கேட்கும்படி தம்பி ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். பார்வைக்கு ஆபத்து என்று பட்டால் திரையின் இடது மூலையில் சிவப்புக் கட்டம் வரும். அக்கா தலையாட்டினால்தான் அந்தப் புரோகிராமை வெளியே விட முடியும்.

தம்பி எட்டிப் பார்த்தான். கட்டம் மூலையில் பளிச்சென்று இருந்தது.

காலையில் நர்ஸுக்குத் தெரிந்தது. கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரிந்தது. வாசல் காவலாளிகூட விரலை வைத்துக் காட்டினார்.

இவளுக்கு மட்டும் என்ன வந்தது?

அவன் செய்ததில் குறை சொல்லாவிட்டால் அக்காவுக்குத் தூக்கம் வராது. வம்புக்கு இழுக்கிறாள் என்றுதான் நினைத்தான். ஆனால் முகத்தில் குறும்பு இல்லை.

எழுதியவனுக்கு எப்போதும் வரும் அரிப்பு வந்தது. எங்கே பிசகு என்று பார்த்துவிட வேண்டும்.

நடுவில் இருக்கும் எழுத்தை மட்டும் படிக்கச் சொல்லிவிட்டு, கட்டத்தை அதன் பக்கத்துக்கு இழுத்தான். “இப்பதான் வந்திருக்கு” என்றாள். அவள் படிக்கப் படிக்க, மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினான். பாதி தூரம்கூடப் போகவில்லை.

“மறுபடி போச்சுடா.”

கட்டம் எங்கும் போகவில்லை. மவுஸில் இருந்த அவன் கைதான் நின்றுவிட்டது.

அவள் படித்துக்கொண்டிருந்தது அவளே சொல்லிக்கொடுத்த கேள்வி: ‘கதவிலோ பக்கத்தில் வருபவர் மீதோ அடிக்கடி இடித்துக்கொள்கிறீர்களா?’ பக்கப் பார்வை குறைந்தால் அது வந்தவருக்கே தெரியாது, அதனால் கட்டாயம் கேட்க வேண்டும் என்று அவள்தான் சேர்க்க வைத்தாள்.

அவளுடைய இடது முழங்கையில் ஒரு காயம் கன்றிப்போயிருந்தது. போன வாரம் கதவு நிலையில் இடித்துக்கொண்டது. “கண் டாக்டருக்குக் கண் பிடரியில இருக்கு” என்று வீடே சிரிக்கும்படி கேலி செய்தவன் அவன்தான்.



கட்டத்தைப் பழைய இடத்திலேயே வைத்தான். புதிய நோயாளி என்று அழுத்தினான். வயது கேட்டது, அக்காவின் வயதைப் போட்டான். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. தெரிந்தவரை அவளுக்காக அவனே பதில் சொன்னான். கதவுக் கேள்வி வந்ததும் ‘ஆம்’ என்று தட்டினான்.

இடது மூலையில் சிவப்புக் கட்டம் எரிந்தது.

அக்கா திரையின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடா, இப்பவாவது வருமா வராதா?”