பத்துப் புழு

இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டித் தருவதில் அந்தத் தோப்பிலேயே தையல்சிட்டுக்கு இணை யாருமில்லை. கூலி எவ்வளவு என்று கேட்டால் மட்டும் அவள் கூச்சத்தோடு தலையைக் குனிந்து, "பார்த்துக் கொடுங்க" என்பாள்.

காக்கையார் அவளிடம் மூன்று நாள் வேலை வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு புழுவைக் கொடுத்தார். வீட்டில் இரண்டு குஞ்சுகள். அந்தப் புழுவை இரண்டாகக் கிள்ளி ஊட்டிவிட்டு, தையல்சிட்டு அன்று பட்டினி கிடந்தாள்.

மறுநாள் காலையில் கொண்டைக்குருவி வந்தாள். "அக்கா, நான் முட்டையிடுற நாள் நெருங்கிருச்சு. ஒரு கூடு தைக்க எவ்வளவு கேப்பீங்க?"

வழக்கமான பதில் வாய்வரை வந்துவிட்டது. தையல்சிட்டு தன் குஞ்சுகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"பத்துப் புழு" என்றாள்.

கொண்டைக்குருவி சட்டென்று பறந்து போனாள். தேடி வந்த வேலையையும் கெடுத்துக்கொண்டோமே என்று தையல்சிட்டு மனம் நொந்து உட்கார்ந்திருந்தாள்.

வெயில் ஏறும் நேரத்தில் கொண்டைக்குருவி திரும்பி வந்து, ஐந்து புழுக்களைக் கிளையில் வைத்தாள்.

"மீதியைக் கூடு முடிஞ்சதும் தரேன்க்கா. போன வருஷமே உங்ககிட்ட வரணும்னு ஆசைதான். எவ்வளவு கொடுத்தா உங்க மனசு நோகாதுன்னு தெரியாமத்தான் வரலை. என் தங்கச்சியும் அதுக்குத்தான் தயங்குறா. அவளையும் அனுப்பட்டுமா?"

"அனுப்பு. அவளுக்கும் பத்துதான்" என்றாள் தையல்சிட்டு.

பிறகு குஞ்சுகளுக்கு ஆளுக்கு இரண்டு புழு ஊட்டிவிட்டு, ஐந்தாவதைத் தானே தின்றாள்.