சகலை பிடித்த மீன்

மார்ச் 9, ஞாயிறு. படித்துறையில் கட்டியிருந்த பின்கயிற்றை அவிழ்க்காமலே இஞ்சினை முடுக்கிவிட்டேன். படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மாமனாரின் கையிலிருந்த தேநீர் அவர் சட்டையிலேயே கொட்டியது.

"காலங்காத்தால குளிப்பாட்டிட்ட," என்றார் மாமா. சகலை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை போய்விட்டது.

வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப் போய், மீன் இருக்கும் இடம் பார்த்துத் தூண்டில் போடவைத்துக் கூட்டிவருவது மாமாவின் தொழில். முழங்கால் தேய்ந்துவிட்டதால் இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார் மருத்துவர். மாமாவுக்கு மகன் இல்லை. மருமகன்கள் இரண்டு பேர்.

"ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வாங்க. ஏரியில வெச்சுப் பாத்துட்டு, படகு யாருக்குன்னு சொல்றேன்," என்றிருந்தார்.

சகலைக்குச் சொந்தமாக ஃப்ரிட்ஜ் விற்கும் கடை இருக்கிறது. ஆனால் மீன் பிடிப்பதென்றால் பைத்தியம். எனக்குக் கிடங்கு வேலை போனதிலிருந்து இந்தப் படகை விட்டால் வேறு வழி இல்லை. "அக்கா வீட்டுக்காரர் பேசியே வாங்கிடுவாரு. நீங்களும் வாயத் தொறந்து ஏதாவது பேசுங்க," என்று சொல்லித்தான் என் மனைவி அனுப்பினாள்.

பேசுவதற்கு எங்கே நேரம்? கரை கண்ணுக்குச் சிறுத்ததும் மாமா புதுத் தூண்டிலை எடுத்துச் சகலையின் கையில் கொடுத்தார். முன்பக்கம் இருந்த மெத்தை நாற்காலியும் அவருக்குத்தான்.

"நீங்க உக்காருங்க மாப்ள. வெயில் மூஞ்சில அடிக்குதா?"

என்னிடம் திரும்பினார். "நீ சுக்கானப் பிடி. காத்து தள்ளுது பாரு, படக நேரா வை."

அவ்வளவுதான். மாமா அன்றாடம் படகில் செய்கிற எடுபிடி வேலை மொத்தமும் என் தலையில் விழுந்தது. காற்றுக்கு எதிராகப் படகை நிறுத்தினேன், இரை கோத்துக் கொடுத்தேன், சிக்கிய தூண்டில் நரம்பைப் பிரித்தேன். இன்னொரு தூண்டில் மாமாவின் காலடியிலேயே கிடந்தது. அதை அவரும் தொடவில்லை, என்னையும் தொடச் சொல்லவில்லை.

சகலை முதல் மீனைத் தூக்கினார். பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மாமா, "அப்படித்தான் மாப்ள, அருமை," என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு 'அருமை' என் பக்கம் வந்ததில்லை.

சகலை என் காதருகே குனிந்தார். "கவலப்படாதீங்க சகல. படகு எனக்கு வந்தாலும் உங்கள விட்ற மாட்டேன். வலை பிடிக்க ஒரு ஆளு வேணும்ல."

வாளித் தண்ணீரை அவர் தலையில் கவிழ்ப்பதுபோல் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பலாம் என்று மாமா சொன்ன நேரத்தில்தான் சகலையின் தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது. படகின் ஓரத்துக்கு வந்து புரண்டது ஒரு கெளுத்தி. இவ்வளவு பெரியதை இந்த ஏரியில் நான் பார்த்ததில்லை.

"வலைய எடு," என்றார் மாமா.

கைவலையோடு குனிந்தேன். தலைப்பக்கமாக வலையைக் கொண்டுபோனால் மீன் தானாக உள்ளே நுழையும். வாலில் விளிம்பு லேசாக உரசினால் போதும், துள்ளி நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். சகலை மீனை விட்டார் என்றுதான் ஊர் பேசும். வலை என் கையில் இருந்தது. வாலும் பக்கத்திலேயே இருந்தது.

நிமிர்ந்து சகலையைப் பார்த்தேன். கண்ணாடி மூக்கில் சரிந்திருந்தது. "போயிருமா சகல? போயிருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"போகாது. இழுக்காதீங்க, கொஞ்சம் நரம்ப விடுங்க. கோல மட்டும் தாழ்த்திடாதீங்க," என்றேன். இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அதற்குள் மீன் தலைகுப்புற வலைக்குள் வந்துவிட்டது.

சகலை என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். படகு கவிழாதது என் அதிர்ஷ்டம். பிறகு மீனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மாமா அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். கைபேசி என்னிடம் வந்தது. முகத்தில் நிழல் விழாமல் பார்த்துத்தான் எடுத்தேன். அந்தப் படத்தில் மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை.

கரைக்கு வந்தோம். இந்த முறை கயிற்றைச் சரியாகக் கட்டினேன். மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி படகின் தரையைக் கழுவினேன்.

படித்துறையில் சகலை மீனைக் கீழே வைக்கவே இல்லை. "மாமா, இந்த சந்தோஷம் கடையில கெடைக்குமா? நாள் பூரா தூண்டிலும் கையுமா இருக்கலாம் போல இருக்கு. நாளைக்குக் கடைக்கு லீவு விட்டுடறேன். எத்தன மணிக்கு வரட்டும்?"

மாமா முழங்காலைத் தேய்த்துவிட்டபடி என் பக்கம் கை காட்டினார்.

"அத அவன்கிட்ட கேளுங்க மாப்ள. நாளைலேர்ந்து படக எடுக்கறது அவன்தான்."