அழைக்காமல் வந்த கோல்கீப்பர்

கார் கதவைத் திறந்துகொண்டு முதலில் இறங்கியது தனக்கோடி இல்லை. அனுமந்தை மாயவன்.

மாலையோடு ஓடிவந்த பிரபாகரனுக்கு முகம் சுருங்கிப்போனது. மரக்காணம் உதயதாரகை கால்பந்துக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். விழாவுக்கு மாயவனை யாரும் அழைக்கவில்லை. எப்படி அழைப்பார்கள்? உதயதாரகையோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய அனுமந்தை டீமின் கோல்கீப்பர் அவர். ஆட்டத்தைவிட வாய் பெரிசு என்று பேர் எடுத்தவர்.

"யாரு, நம்ம பிரபாகரனா? கையில ரோஜா மாலை, பின்னாடி பேண்டு செட்டு, ஊரே தெரண்டு நிக்குது. என்னாடா கோடி, உனக்குக் கல்யாணமா?" என்று கேட்டுக்கொண்டே மாயவன், தனக்கோடியின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

தனக்கோடி சிரித்தபடி மாலைக்குக் கழுத்தை நீட்டினார்.

அது 2006 காணும் பொங்கல். கடல் ஊருக்குள் புகுந்த துக்கத்தில் முந்தின வருஷம் யாரும் பொங்கலே வைக்கவில்லை. இந்த வருஷமாவது மனசு விட்டுச் சிரிக்கலாம் என்று பழைய ரசிகர்கள் கூடிப் பேசி, தனக்கோடிக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். ஆட்டத்தை விட்டுவிட்டு அவர் பொம்மையார்பாளையத்தில் மகள் வீட்டோடு போய் வெகுகாலம் ஆகியிருந்தது. போனில் கூப்பிட்டபோது முதலில் மாட்டேன் என்றார். மறுநாள் அவரே போன் போட்டு, வர்றேன் என்றார்.

உப்பளத்தை ஒட்டிய மைதானத்தில் காலையிலிருந்தே அவர் பேச்சுதான். உப்பு வாருகிற பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு, உப்பு படிந்த வெறுங்காலோடு நேராக வந்து ஆடுவார் என்று ஒருவர் சொன்னார். திண்டிவனத்தில் கொட்டுகிற மழையில் அவர் கோல் போட்டதை இன்னொருவர் எழுந்து ஓடியே காட்டினார். வயசுப் பெண்ணாக இருந்தபோது அவர் ஆட்டத்தைப் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, அம்மாவிடம் அடி வாங்கியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் சுலோசனா.

இத்தனை பேர் ஆசையோடு காத்திருந்தும் தனக்கோடியோடு யாரும் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. மாயவன் விட்டால்தானே.

பிடித்த கையை விடாமல் மேடைக்கு இழுத்துப் போனார். படிக்கட்டில், "காலைத் தூக்குடா. மூணு படி ஏற இவ்ளோ நேரமா?" என்று எல்லார் முன்னாலும் அதட்டினார். கும்பிட வந்தவர்களை எல்லாம் முந்திக்கொண்டு பேர் சொல்லி வம்புக்கு இழுத்தார். பழைய பேக் ஆட்டக்காரர் அர்ச்சுனன் பொன்னாடையோடு வந்தபோது, "அர்ச்சுனன் வர்றான், தலையில ஒத்த முடி இல்ல" என்றார்.

மேடைக்குப் பின்னால் தனக்கோடியின் வாலிப வயசுப் படத்தைப் பெரிய பேனராகக் கட்டியிருந்தார்கள். அதையும் விட்டுவைக்கவில்லை. மஞ்சள் பனியனாம், சுருட்டை முடியாம், அரும்பு மீசையாம், பந்து மேல் ஒரு காலாம், மனசுக்குள் பெரிய ராஜா என்று நினைப்பாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேலி செய்தார். தனக்கோடி விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணனின் பெருந்தன்மை அது என்று நினைத்துப் பிரபாகரன் பல்லைக் கடித்தார். அந்த ஆளை வெளியே அனுப்பிவிடலாம் என்று அர்ச்சுனன் அவர் காதைக் கடித்தார். நல்ல நாளில் ரகளை வேண்டாம் என்று பிரபாகரன்தான் அடக்கினார்.

பேச்செல்லாம் முடிந்ததும் கூட்டம் ஒரே குரலில் கேட்டது, ஒரு பெனால்டி கிக். தனக்கோடி கையை ஆட்டி மறுத்தார். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் கூட்டம் விடுவதாக இல்லை.

மாயவன் எழுந்து கைலியை மடித்துக் கட்டினார்.

"கோல்ல நான் நிக்கிறேன். அன்னிக்கு விட்டதெல்லாம் இன்னிக்குப் புடிக்கிறேன், வாடா."

தனக்கோடியை இழுத்துப் போய் நிறுத்தி, பந்தை அவர் கால் விரலில் இடிக்கிற மாதிரி வைத்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் செய்கிறானே என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். கோலுக்கு நடுவில் போய் நின்ற பிறகும் மாயவன் அடங்கவில்லை. கூட்டம் ஊளையிட்டபோது, கையை உயர்த்தி அத்தனை பேரையும் சும்மா இருக்கச் சொன்னார். பிறகு கையைத் தட்டித் தட்டிக் கத்தினார்.

"இங்கதாண்டா நிக்கிறேன். நேரா அடிச்சா என் நெஞ்சுலதான் விழும். தைரியம் இருந்தா உன் சோத்துக்கை பக்கம் அடிடா பார்ப்போம்."

தனக்கோடி அசையாமல் நின்றார். ஒரு அடி பின்னால் வைத்தார். உதைத்தார்.

பந்து எழும்பி வலது மூலையில் வலைக்குள் புகுந்தது. மாயவன் எதிர்ப்பக்கம் பாய்ந்து மண்ணில் குப்புற விழுந்தார்.

"பாவி, மூலையில சொருவிட்டியேடா" என்று படுத்த இடத்திலிருந்தே அலறினார்.

தனக்கோடி இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார். பேண்டு முழங்கியது, பட்டாசு வெடித்தது. சுலோசனா விரலை மடித்து விசிலே அடித்துவிட்டார்.

மண்ணைக் கழுவ மாயவன் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த தனக்கோடியிடம் பிரபாகரன் குனிந்தார். அந்த ஆளுக்காக மன்னிப்புக் கேட்டார். திரும்பும்போது மாயவனை வேறு வண்டியில் ஏற்றிவிடுவதாகவும் சொன்னார்.

"அவர் போட்ட கூச்சல்ல எப்படித்தான் கோல் அடிச்சீங்களோண்ணே" என்றார்.

தனக்கோடி அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவர் கை காற்றில் துழாவி, பிரபாகரனின் தோளைக் கண்டுபிடித்துத் தட்டிக்கொடுத்தது.

"எனக்குக் கண்ணு போயி வருஷக்கணக்கா ஆவுதுப்பா. அவன் குரலைப் பார்த்துத்தான் அடிச்சேன்."